உயிரோடிருக்கிறவனுக்கு ஒரு பூசை

சேசு மரி சூசை துணை

திருவொற்றியூர்
10.9.1953

அன்புள்ள அருள் அண்ணாவுக்கு,

உன் தங்கச்சி ஐரீன் எழுதறேன். நானும் அவரும் ரோஸியும் தேவமாதா புண்ணியத்துல ஒரு குறையும் இல்லாம இருக்கோம். உனக்கு அந்த இருமல் விட்டுச்சா? கரக்பூர் மழையில தலைக்குத் துணி கட்டாம பட்டறைக்குப் போகாதே.

இதைப் படிச்சதும் கிழிச்சு அடுப்புல போட்டுடு.

முந்தாநாள் மாதா திருநாளுக்கு ரோஸியை ராயபுரம் கூட்டிக்கினு போனேன். அவருக்கு ஹார்பர்ல கிரேன் டூட்டி, வரல. நாம ஓடியாடின மணல் இப்ப பாதிகூட இல்லண்ணா, கடல் தின்னுடுச்சு. கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க. கடைங்கல்லாம் ரயில்வே வேலியோரம் ஒண்டிக்கினு கெடக்குது. ஆனா குடை ராட்டினம், பயாஸ்கோப் பெட்டி, ஆளைக் குட்டையாக் காட்டுற கண்ணாடிக் கூடாரம் எல்லாம் அப்படியே இருக்கு. அந்தக் கண்ணாடி முன்னாடி நீ வயித்தைத் தள்ளிக்கினு மாவு மில் முதலாளி மாதிரி நடப்பியே, அதை நினைச்சு நான் தனியா சிரிச்சுக்கினு நின்னேன். அப்பதான் ரோஸி, "அம்மா, துப்பாக்கி"ன்னு கையை இழுத்துச்சு.

அதே மாதிரி கடை. பின்னால கறுப்புத் துணி, முன்னால பலகையில வரிசையா மெழுகுவத்தி. சுடரைச் சுட்டு அணைச்சா சோப்பு டப்பா பரிசு. துப்பாக்கிக்கு ஈயக் குண்டு போட்டுக் குடுத்தது ஒரு பொம்பளை. ஏறக்குறைய என் வயசு. அவளுக்கு இடது கண்ணு இல்ல.

பக்கத்துல பொரி விக்கிறவகிட்ட மெல்லக் கேட்டேன். "அதுவா, மலர்க்கொடி. கருணாகரன் பொண்ணு. நைனா செத்தப்புறம் அதான் கடைய நடத்திக்கினு கீது"ன்னா.

பதினேழு வருசமா நாம வாயைத் தொறக்காத விஷயம். எழுதினாத்தான் எனக்கு மூச்சு வரும், திட்டாதே. எனக்கு அப்ப பத்து வயசு, உனக்குப் பதிமூணு. மூணு குண்டுல ரெண்டை நீ சுட்டே. மூணாவதை நான் அழுது வாங்கினேன். அவங்க அப்பா முதுகைக் காட்டிக்கினு சோடா குடிச்சுக்கினு இருந்தாரு. அணைஞ்ச மெழுகுவத்தியை ஏத்த அந்தப் பொண்ணு உள்ள போகும்போது ஒரு மணி அடிப்பா. மணி அடிச்சா சுடக்கூடாதுன்னு அர்த்தம். எனக்குத் தெரியலண்ணா. எங்க ஸ்கூல் ஓட்டப் பந்தயத்துல மணி அடிச்சாத்தான் ஓடணும். மணி அடிச்சுது, நான் சுட்டுட்டேன்.

அவ கத்தினது இன்னும் காதுல இருக்கு. நீ துப்பாக்கியை என் கையிலேர்ந்து பிடுங்கினே. அவங்க அப்பா திரும்பினப்ப அது உன் கையில இருந்துச்சு. அதைப் போட்டுட்டு என்னை இழுத்துக்கினு ஓடினே. கட்டுமரத்துக்குப் பின்னால உக்காந்து, என் கையில ஜெபமாலையை வெச்சு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கினே.

அவ என்னை அடையாளம் கண்டுகிட்டாளான்னு தெரியல. ரெண்டு நாளா சோறு இறங்கல.

பயத்துல இருக்கிற தங்கச்சி,
ஐரீன்


கரக்பூர்
17.9.1953

அன்புத் தங்கை ஐரீனுக்கு,

அருள் எழுதுவது. என் இருமல் போய்விட்டது. மேஸ்திரியின் இருமல்தான் இப்போது தொல்லை, அவர் இருமிக்கொண்டு வந்தால் எங்களுக்கு வேலை அதிகமாகும். மாப்பிள்ளை கஸ்பாருக்கு என் வணக்கம், ரோஸிக்கு முத்தம்.

மாவு மில் முதலாளி நடையை நீ மறக்கவில்லையா? இப்போது கண்ணாடி இல்லாமலே அப்படித்தான் நடக்கிறேன்.

நீ பயப்பட ஒன்றுமில்லை. பத்து வயசுக் குழந்தை தெரியாமல் செய்ததற்குப் பதினேழு வருஷம் கழித்துப் போலீஸ் வராது. கஸ்பாரிடம் சொல்லிவிட்டால் உனக்குப் பாதி பாரம் குறையும் என்று தோன்றுகிறது. சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம்.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? உடம்பு நன்றாக இருக்கிறாளா? கல்யாணம் ஆகிவிட்டதா? கருணாகரன் எப்போது போனார் என்று தெரிந்தால் எழுது. நல்ல மனுஷர்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
அருள்பிரகாசம்


சேசு மரி சூசை துணை

திருவொற்றியூர்
27.9.1953

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடுதாசி கெடைச்சுது. ரோஸிக்கு ரெண்டு நாள் காய்ச்சல், இப்ப தேவலை. நீ சொன்ன மாதிரி சாப்பிடத்தான் பார்க்கறேன்.

நல்ல மனுஷர்ங்கறே. சோடா குடிச்சுக்கினு நின்னவரோட முதுகைத்தான் நாம பார்த்தோம். அவரு நல்லவரா கெட்டவரான்னு உனக்கு எப்படித் தெரியும்?

அது கெடக்கட்டும். நேத்து ராயபுரத்துல சோடாக்கடை சவரிநாதன் தாத்தாவைப் பார்த்தேன். நம்ம பழைய தெருவுல மிச்சம் இருக்கிறது அவரு ஒருத்தர்தான், யுத்தத்துல காலி பண்ணிட்டுப் போனவங்க யாரும் திரும்பல. அவரு சொல்றாரு: "ஒரு ஒத்தக்கண்ணு பொண்ணு உங்க அண்ணனத் தேடிக்கினு வந்துச்சும்மா. அருள்பிரகாசம்னு பேரச் சொல்லியே கேட்டுச்சு. அவன் வடக்க எங்கியோ போய்ட்டான், தங்கச்சிய திருவொற்றியூர்ல கட்டிக் குடுத்துகீதுன்னு சொன்னேன்."

அண்ணா, நாம அங்க நின்னதே கால் மணி நேரம். நான் உன்னை அண்ணான்னுதான் கூப்பிட்டிருப்பேன். அருள்பிரகாசம்னு முழுப் பேரும் அவளுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? பதினேழு வருசமா அவங்க நம்மளை விசாரிச்சுக்கினே இருக்காங்கன்னு அர்த்தம். இதுக்கு மட்டும் மறைக்காம பதில் எழுது.

வாசக்கதவை இப்பல்லாம் பகல்லயே தாப்பா போட்டு வெக்கிறேன். அவரு கேட்டா திருடன் பயம்னு சொல்றேன்.

உன் தங்கச்சி,
ஐரீன்


கரக்பூர்
11.10.1953

அன்புத் தங்கை ஐரீனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே வேலை அதிகம். ரோஸிக்குக் காய்ச்சல் முழுசாக விட்டதா? கஞ்சியோடு நிறுத்தாமல் முட்டை கொடு.

பேரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

மலர்க்கொடி உன் வீட்டுக்கு வந்தால் கதவைத் திற. உட்காரச் சொல். என் விலாசம் கேட்டால் கொடுத்துவிடு. அவளால் எனக்கு ஒரு கெடுதலும் வராது.

கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்கிறதா பார்ப்போம்.

அன்புடன்,
அருள்


சேசு மரி சூசை துணை

திருவொற்றியூர்
17.10.1953

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம்.

விலாசத்தைக் குடுக்கறதா? உனக்கென்ன பைத்தியம் பிடிச்சிருக்கா? உன் கடுதாசி வந்த மறுநாளே அவ வந்துட்டா. வாசல்ல மீன் கழுவிக்கினு இருந்தேன், தாப்பா போட நேரம் இல்ல. இடுப்புல ஒரு பொண்ணுக் கொழந்தை. "யக்கா, அருள் அண்ணனோட தங்கச்சி நீதானே?"ன்னா. ஆமான்னு தலையை ஆட்டிட்டேன்.

"அவரு எங்க கீறாரு? ஒரு தபா பாக்கணும்."

"எதுக்கு?"

"அத்த அவராண்டதான் சொல்லணும்."

எப்படி இருக்கும் எனக்கு? என் முகத்தையே பார்த்துக்கினு நின்னா. நான் பார்வையை மீன் சட்டியிலேர்ந்து எடுக்கல. "அவரு இல்லம்மா. செத்துட்டாரு. மூணு வருசமாச்சு, காலரா, அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க"ன்னுட்டேன். என் வாயில மண்ணைப் போட. அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. கொழந்தையை மடியில போட்டுக்கினு, "நெசமாவா யக்கா? சோடாக்கட தாத்தா உசுரோட கீறாருன்னாரே"ன்னா. நம்பலன்னு தெரிஞ்சுபோச்சு. நம்பலைன்னா தேடிக்கினே இருப்பா. அதனால, "அவருக்கு வயசாச்சு, ஒண்ணும் தெரியாது. ஆத்துமாக்கள் திருநாள் அன்னிக்கு ராயபுரம் கோயில்ல மரிச்சவங்க பேரை வாசிப்பாங்க, வந்து உன் காதால கேளு"ன்னு சொல்லிட்டேன்.

சொன்னப்புறம் செஞ்சுதான் ஆகணும். உன் பேரைக் குடுக்கப் போறேன்.

உனக்கு எப்படியோ, எனக்கு வேற வழி தெரியல. அவ உன்னைக் கண்டுபிடிச்சா நீ பழியை உன் தலையில போட்டுக்குவே, ரயில்வே வேலை போயிடும். இல்லைன்னா நெசத்தைச் சொல்லுவே. அப்ப நான் தொலைஞ்சேன். இவரைத் தெரியுமில்ல, பொய் சொன்னவங்க வூட்டுல தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாரு. எட்டு வருசமா கூடக் குடித்தனம் பண்ணிக்கினே இதை மறைச்சியான்னு ஒரு வார்த்தை கேட்டா, ரோஸியைத் தூக்கிக்கினு நான் எங்க போவேன்?

என்னை மன்னிச்சுடு.

ஐரீன்


சேசு மரி சூசை துணை

திருவொற்றியூர்
3.11.1953

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு நல்லா இருக்கியா? இந்தத் தடவை சும்மா வழக்கத்துக்குக் கேக்கல. நெசமாவே நல்லா இருக்கியா?

நேத்து நடந்துடுச்சு. கோயில் உபதேசியார் புதுசு, நம்மளைத் தெரியாது. சூசை மகன் அருள்பிரகாசம்னு எழுதிக்கிட்டாரு. இவரு காலை டூட்டி போனப்புறம் முதல் பூசைக்கு ஓடினேன். சாமியார் கறுப்பு உடுப்புல வந்தாரு. நடுக் கோயில்ல, உள்ள சவம் இல்லாத பெட்டிக்குக் கறுப்புத் துணி போர்த்தி, சுத்தி மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருந்தாங்க. உன் பேரு வந்தப்ப அந்தப் பெட்டியை என்னால பார்க்க முடியல. எல்லாரும், "நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்"னாங்க. நானும் சொன்னேன். உன் பேருக்கு நானே சொன்னேன் அண்ணா.

அம்மா சொல்லுவாங்க ஞாபகம் இருக்கா, உயிரோட இருக்கிறவங்க பேரைத் தப்பித் தவறி அந்தப் பட்டியல்ல குடுத்துடக் கூடாது, கூப்பிட்டுக்குவாங்கன்னு. தப்பித் தவறியா குடுத்தேன்? தெரிஞ்சே குடுத்தேன்.

அவ வந்திருந்தா. கதவோரமா முந்தானையைத் தலையில போட்டுக்கினு நின்னா. பேரைக் கேட்டதும் அழுதா. வாயைப் பொத்திக்கினு அழுதா. பழி வாங்க ஆள் இல்லாமப் போச்சேன்னு அழுவுறாளா? வெளிய வந்து என் கையைப் பிடிச்சா. "வியாசர்பாடில தண்ணித் தொட்டியாண்ட என் வூடு. எதுனாலும் சொல்லி அனுப்பு யக்கா"ன்னுட்டுப் போயிட்டா.

பயம் தீரும்னுதான் செஞ்சேன். இப்ப வேற பயம் பிடிச்சிருக்கு. உடனே ஒரு வரி போடு.

ஐரீன்


சேசு மரி சூசை துணை

திருவொற்றியூர்
25.11.1953

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்க சுகம். உன் சுகத்துக்கு எழுதுன்னு கேட்டு மூணு வாரம் ஆச்சு.

தபால்காரன் எங்க வூட்டைத் தாண்டிப் போறான். தந்திக்காரன் சைக்கிள் தெருவுல திரும்பினா கதவுக்குப் பின்னால போய் நின்னுக்கறேன். நானே தந்தி அடிக்கலாம்னா இவரு காரணம் கேப்பாரு. நேத்து பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்கறப்ப கழண்டுக்கினேன். உயிரோட இருக்கிற அண்ணனுக்கு மரிச்சோர் பூசை வெச்சேன் சாமின்னு எந்த வாயால சொல்லுவேன்? அப்புறம் ஏன்னு கேப்பாரு.

ரோஸி, "மாமா கிறிஸ்துமஸுக்கு வருவாரா"ன்னு கேக்குது. வருவாருன்னு சொல்றேன். சொல்லிட்டு அடுப்படிக்குப் போய் அழுவுறேன்.

பட்டறையில கிரேனு, சங்கிலி, கொதிக்கிற இரும்புன்னு எழுதுவியே, அதெல்லாம் இப்பத்தான் ஒண்ணொண்ணா ஞாபகம் வருது. அந்தக் கண்ணு போனதுக்கே எனக்கு மன்னிப்பு இல்ல. உன்னையும் நானே கொன்னுட்டேனா?

ஐரீன்


(தபால் கார்டு)

திருவொற்றியூர்
12.12.1953

அண்ணா, சுகம். சுகமறிய ஆவல். கார்டுல மத்ததை எழுத முடியாது. கோவமா இருந்தா கோவமாவே இரு. இருக்கேன்னு மட்டும் எழுது. ஐரீன்.


கரக்பூர்
18.12.1953

அன்புத் தங்கை ஐரீனுக்கு,

இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. லீவு பொங்கலுக்குத்தான் கிடைத்தது.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கோபம் ஒரு பக்கம். உன்னிடம் எதற்கு மறைக்க, நானும் பயந்துதான் போனேன். கிரேனுக்குக் கீழே போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள்.

பேர் எப்படித் தெரியும் என்று கேட்டாயே, நான்தான் சொன்னேன். மறுநாள் காலையில் ஸ்கூலுக்குப் போகாமல் எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு நடந்து போனேன். கருணாகரன் காலில் விழுந்து, நான்தான் சுட்டேன் என்றேன். ஓர் அறை விட்டார். அப்புறம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். கடையில் தொங்கின விளக்குக் கண்ணாடி உடைந்து கண்ணில் தெறித்தது என்று போலீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பதினோரு நாளும் போனேன். பிறகு அவர்கள் போகிற ஊருக்கெல்லாம் கடிதம் போட்டேன். யுத்தத்தில் பட்டணம் காலியானபோது விலாசம் விட்டுப்போயிற்று.

உன்னிடம் சொன்னால் நீயும் வருவேன் என்பாய், வந்தால் சொல்லிவிடுவாய், பத்து வயசில் அதை நீ தாங்க மாட்டாய் என்று நினைத்தேன். நீ பெரியவளான பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். உனக்காகச் செய்தேன் என்று காட்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அந்தத் தப்பு என்னுடையது.

ஆனால் மலர்க்கொடியை ஏமாற்றியது நீ. நான் உயிரோடு இருப்பதை அவளுக்கு நான் எழுத மாட்டேன். நீ போய்ச் சொல்லும்வரை அவளுக்கு நான் செத்தவன்தான். சொல்வதானால் பாதியைச் சொல்லி நிறுத்தாதே.

ரோஸிக்கு முத்தம்.

அருள்


வியாசர்பாடி மலர்க்கொடிக்கு

திருவொற்றியூர்
27.12.1953

மலர்க்கொடி,

நீயும் கொழந்தையும் நல்லா இருக்கணும். நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்ல.

எங்க அண்ணன் உயிரோட இருக்காரு. கரக்பூர்ல ரயில்வே பட்டறையில இருக்காரு. காலரா, அடக்கம், பூசை எல்லாம் பொய். நான் சொன்ன பொய்.

உன் கண்ணைச் சுட்டது அவரு இல்ல. நான். மணி அடிச்சா சுடணும்னு நினைச்சுக்கினேன். அவரு ஆஸ்பத்திரிக்கு வந்து தன் பேர்ல சொல்லிக்கினது எனக்கே இப்பத்தான் தெரியும். நீ அவரைத் தேடினதும், பழி வாங்கத்தான்னு நினைச்சேன். அவரு பிடிபட்டா நானும் பிடிபடுவேன்னு அவரைச் சாகடிச்சேன்.

நேர்ல சொல்ல ரெண்டு தடவை வந்தேன். தண்ணித் தொட்டி வரைக்கும் வந்து திரும்பிட்டேன். எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

நேத்து எங்க வூட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். அவரு சட்டையை மாட்டிக்கினு போயிட்டாரு. இதை எழுதற வரைக்கும் வூட்டுக்கு வரல.

நீ போலீஸுக்குப் போனாலும் சரி, தெருவுல நின்னு திட்டினாலும் சரி. வாசக்கதவைத் தொறந்துதான் வெச்சிருக்கேன். ரொம்ப பயமா இருக்கு.

ஐரீன்


வியாசர்பாடி
3.1.1954

ஐரீன் அக்காவுக்கு,

மலர்க்கொடி சொல்ல, பக்கத்து வூட்டு ஜீனத்து எழுதுது. எனக்கு எழுத்து வராது. இது யாராண்டயும் சொல்லாது, பயப்படாத. நாங்க நல்லா கீறோம். உன் பொண்ணு எப்டி கீது?

அருள் அண்ணன் உசுரோட கீறாருன்னு ஜீனத்து படிச்சிச்சு. அதுக்கு மேல நான் படிக்க வுடல. அந்த வரியவே திருப்பித் திருப்பிப் படிக்கச் சொன்னேன். மத்தத மறுநாளுதான் கேட்டேன்.

சுட்டது நீதான்னு எனக்கு அப்பவே தெரியும். அன்னைக்கு எனக்கு ரெண்டு கண்ணும் இருந்திச்சே. உன்னியத்தான் பாத்துகினு இருந்தேன்.

ஆஸ்பத்திரில ரெண்டு கண்ணையும் கட்டி வெச்சிருந்தாங்கோ. ஒரு பையன் வந்து நான்தான் சுட்டேன்னு அழுவுறான். நைனா நம்பிடுச்சு. நான் வாயத் தொறக்கல. தங்கச்சிக்கோசரம் ஒருத்தரு இப்டி வந்து நிக்கிறாரேன்னு கேட்டுகினே படுத்திருந்தேன். டெய்லி வருவாரு. ஜன்னலாண்ட நின்னு ரோட்ல இன்னா போவுதுன்னு சொல்லுவாரு. டிராம் போவுது, எரும போவுது, குடை புடிச்சிகினு ஒரு சாமியாரு போறாரு. எனக்குக் கூடப் பொறந்தவங்கோ யாரும் இல்ல. அந்தப் பதினோரு நாளு எனக்கும் அண்ணன் இருந்தாரு.

கண்ணு போனத வுடு, நீயும் அப்ப புள்ளதானே. ஆனா செத்துட்டாருன்னியே, அது வளந்த பொம்பள சொன்னது. ரெண்டு மாசம் அழுதேன். கண்ணு போன பக்கமும் தண்ணி வரும், உனக்குத் தெரியாது. அந்தக் கோவம் எனக்கு இன்னும் கீது. போவ நாளாவும்.

உன் வூட்டுக்காரரு முந்தாநேத்து கடையாண்ட வந்தாரு. ஐரீன் வூட்டுக்காரன்னு சொல்லிட்டு ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தாரு. வூட்டுக்குப் போங்கன்னு நான்தான் அனுப்பினேன்.

அண்ணன எதுக்குத் தேடினேன்னா, எம் பொண்ணுக்கு மூணு வயசாவுது, இன்னும் காது குத்தல. தாய்மாமன் மடில உக்கார வெச்சுத்தான் குத்தணும், எனக்கு வேற யாரு கீறா? தை ஒம்போது, வெள்ளிக்கெழம நாள் பாத்துகீறேன். அவருக்குப் பொங்கலுக்கு லீவு கெடச்சா அப்டியே இருந்துட்டுப் போவச் சொல்லு.

நீயும் வா. மடில உக்காந்தாலும் ஆசாரி ஊசிய எடுக்கறப்ப புள்ள தலைய ஆட்டும். ஆடாம கெட்டியா புடிச்சிக்க ஒரு ஆளு வேணும். நீ புடிச்சிக்கோ.

மலர்க்கொடி